கம்ப்ரஷன் இறங்கிய மாருதி 800: ஹெட்டைக் கழற்றுவதா, எஞ்சினையே இறக்குவதா?

"கம்ப்ரஷன் போயிடுச்சு சார், எஞ்சினை இறக்கணும்." பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இதைக் கேட்டே தீருவார்கள். மேட்டில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, ஐடிலில் ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது. மெக்கானிக் சொன்னதில் முதல் பாதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அழுத்தம், குறைந்திருப்பது உண்மை என்றாலும், அடைபட வேண்டிய காற்று எந்த வழியாகத் தப்பிக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மேலே காற்றை உள்ளே வெளியே விடும் வால்வ் வழியாகவா, கீழே பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் வழியாகவா?

மேலே என்றால் எஞ்சின் வண்டியிலேயே இருக்க, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டை மட்டும் கழற்றி வேலை முடிந்துவிடும். கீழே என்றால் எஞ்சின் வெளியே வர வேண்டும், சிலிண்டர்கள் உள்ள பிளாக் லேத் பட்டறைக்குப் போக வேண்டும், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் வாங்க வேண்டும். செலவு பல மடங்கு. அதனால் சோதனை முறைகளை ஒப்பிடும்போது "எது துல்லியம்" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. மேலா, கீழா என்ற கேள்விக்கு எது தெளிவாகப் பதில் சொல்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே தரம் பிரிக்கிறேன்.

உதாரணத்துக்கு 800-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த இந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பி.எஸ்.4 புகை விதி வந்ததால் அங்கே 2010 ஏப்ரலிலேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஆக, இன்று ஓடிக்கொண்டிருப்பவற்றில் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. அதிலுள்ள எஃப்8பி எஞ்சின் ஓம்னியிலும் வந்தது: மூன்று சிலிண்டர், 796 சி.சி., போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 72 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் 8.7-க்கு 1. சிலிண்டருக்கு இரண்டே வால்வ், வால்வுகளைத் திறக்க மேலே ஒரே கேம்ஷாஃப்ட், அதைச் சுற்றும் டைமிங் பெல்ட், ஸ்க்ரூவைத் திருகி கேப் (இடைவெளி) வைக்கும் டேப்பெட். இதைவிட எளிமையான கார் எஞ்சினில் சோதனை கற்றுக்கொள்ள முடியாது. வேறு பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்கள்தான் மாறும்.

மீட்டரைத் தொடும் முன்னால்

டேப்பெட் கேப் பார்க்காமல் எடுத்த கம்ப்ரஷன் அளவை நான் நம்புவதில்லை. வால்வ் தண்டின் மேல்முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே முடி அளவு இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் வால்வ் முழுதாக உட்காராது. கதவை ஒரு நூல் திறந்து வைத்த மாதிரி காற்று போய்க்கொண்டே இருக்கும். எல்பிஜி கிட் போட்ட வண்டிகளில் இது அதிகம். பெட்ரோல் சிலிண்டருக்குள் போகும்போது, வால்வ் மூடி உட்காரும் இடமான சீட்டைக் கொஞ்சம் குளிரவைக்கும். கேஸ் வறட்சியாக எரிவதால் அந்த உதவி கிடைக்காது. சீட் மெல்ல மெல்லத் தேய, வால்வ் ஹெட்டுக்குள் மேலே ஏறி உட்காரும், தண்டும் கூடவே ஏறும், கேப் மூடிக்கொண்டே வரும். பெரும்பாலான தேய்மானத்தில் கேப் கூடும், டேப்பெட் சத்தம் கேட்கும், நமக்கும் தெரிந்துவிடும். இங்கே நேர்மாறு. வண்டி சத்தமே இல்லாமல் நன்றாக இருப்பது போலத் தோன்றும், உள்ளே எக்ஸாஸ்ட் வால்வ் வெந்துகொண்டிருக்கும்.

ஃபீலர் கேஜ் ஒன்றை வைத்து ஆறு வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலை. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஓர் அளவு, சூடாக இருக்கும்போது ஓர் அளவு என்று மேனுவலில் தனித்தனியே இருக்கும். எந்த நிலையில் பார்க்கிறோமோ அந்த அளவையே வைக்க வேண்டும். இதிலேயே கம்ப்ரஷன் திரும்பிவிட்டால் மிச்சக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது பேட்டரி. செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் மூன்று சிலிண்டரும் குறைவாகக் காட்டும். மூன்றும் ஒரே அளவு குறைந்திருப்பதைப் பார்த்து "ரிங் மொத்தமும் போச்சு" என்று முடிவு கட்டுவது சுலபம். முதலில் நல்ல பேட்டரியை மாட்டிவிட்டு மறுபடி பாருங்கள். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தாலும் மூன்றும் சேர்ந்தே குறையும். சமீபத்தில் பெல்ட் மாற்றிய வண்டி என்றால் புல்லிக் குறிகளை ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

சாதாரண கம்ப்ரஷன் கேஜ்: பிரச்சினை இருக்கிறதா என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது

பிளக்குகளைக் கழற்றி, பிளக் ஓட்டையில் மீட்டரைத் திருகி, செல்ஃப் அடித்துப் பார்க்கும் முறை. 14 மி.மீ. மரை கொண்ட கேஜ் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கிறது. மெக்கானிக் கடைகளில் ஓட்டையில் கையால் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் முனை கேஜும் இருக்கும். அதில் கை கொஞ்சம் தளர்ந்தாலும் பத்து இருபது பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஓடிவிடும். திருகும் வகையையே கேளுங்கள்.

எடுக்கும் விதத்தில் நான்கு விஷயம் முக்கியம். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். மூன்று பிளக்கும் வெளியே இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தே பிடிக்க வேண்டும், சோக்கும் திறந்திருக்க வேண்டும். இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட வேண்டும். இவற்றில் அதிகம் மறக்கப்படுவது ஆக்சிலரேட்டர்தான். த்ராட்டில் மூடியிருந்தால் உள்ளே போகவே காற்றில்லை, அப்புறம் எதை அழுத்துவது? நல்ல எஞ்சினும் செத்த எஞ்சின் போலக் காட்டும்.

8.7 விகிதமுள்ள எஞ்சின் நல்ல நிலையில் 160 முதல் 175 பி.எஸ்.ஐ. வரை காட்டினால் திருப்திப்படலாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பழைய வண்டி என்றால் பதினைந்து வரை பொறுத்துக்கொள்ளலாம். தனி எண்ணைவிட இந்த வித்தியாசமே எனக்கு முக்கியம். மூன்றும் 140 காட்டும் எஞ்சின் இன்னும் சில வருடம் அமைதியாக ஓடும். 165, 160, 100 என்று காட்டுகிற எஞ்சினில் மூன்றாவது சிலிண்டரில் ஏதோ ஒன்று குறிப்பாகக் கெட்டிருக்கிறது.

இன்னொன்று, ஊருக்கு ஊர் எண் மாறும். கடல் மட்டத்தில் 170 காட்டும் எஞ்சினை ஊட்டிக்குக் கொண்டுபோனால் சுமார் 130 தான் காட்டும். அங்கே காற்றழுத்தமே கால்பங்கு குறைவு. சென்னைக்காரர் எழுதிய எண்ணை வைத்துக்கொண்டு நீலகிரியில் எஞ்சினைப் பிரித்தால் நஷ்டம் வண்டிக்காரருக்குத்தான்.

எண்ணை மட்டும் பார்க்காமல் முள் ஏறும் விதத்தையும் பாருங்கள். ரிங் தேய்ந்த சிலிண்டரில் முதல் அடிக்குக் குறைவாகக் காட்டிவிட்டு, அடுத்தடுத்த அடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். வால்வ் கசியும் சிலிண்டரில் முதல் அடி குறைவு, பிறகும் பெரிதாக ஏறாது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கட் அவற்றின் நடுவில் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். இவை எல்லாம் குறிப்புகள்தான். இவற்றை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "அண்ணே, மூணு சிலிண்டர் ரீடிங்கையும் ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க." கேஜே வைக்காமல் சொன்னவரா, வைத்துப் பார்த்துச் சொன்னவரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆயில் ஊற்றிப் பார்ப்பது: சின்ன எஞ்சினில் கவனம் தேவை

குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பது அடுத்த வழி. ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். அளவு குதித்து ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். பாடப்புத்தகம் முதல் பட்டறை வரை எல்லோரும் சொல்வது இதைத்தான். இலவசம், ஐந்து நிமிடம். ஆனால் 800 போன்ற சின்ன எஞ்சினில் இது பொய் சொல்லும் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் கொள்ளளவு சுமார் 265 சி.சி. விகிதம் 8.7 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 34 சி.சி.தான். அதில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. ஆயில் விட்டால் மிஞ்சும் இடம் 29 சி.சி. சொச்சமாகச் சுருங்கிவிடும். விகிதம் 8.7-இல் இருந்து 10-ஐத் தொடும். ரிங் புத்தம் புதிதாக இருந்தாலும், ஆயில் இடத்தை அடைத்துக்கொண்ட ஒரே காரணத்துக்காக அளவு பதினைந்து சதவீதத்துக்கு மேலேயே ஏறலாம். 100 காட்டிய சிலிண்டர் 118-க்குப் போனதும் "பாத்தீங்களா, ரிங்" என்று சொல்லிவிடுவார்கள். அதில் ரிங்கின் பங்கு என்ன, ஆயிலின் பங்கு என்ன என்று அந்த ஓர் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. தாராளமாக இரண்டு மூன்று ஸ்பூன் ஊற்றுகிற பட்டறைகளும் உண்டு, அங்கே எல்லா எஞ்சினுக்கும் ரிங்தான் போயிருக்கும்.

வழி இருக்கிறது. சிரிஞ்சில் அளந்து மூன்று சிலிண்டருக்கும் ஒரே அளவு விடுங்கள். நல்ல சிலிண்டர் எவ்வளவு ஏறுகிறதோ அது ஆயிலின் பங்கு. கெட்ட சிலிண்டர் அதைவிட நிறைய ஏறினால்தான் ரிங் மேல் சந்தேகம். நல்லது 165-இலிருந்து 190-க்கும், கெட்டது 100-இலிருந்து 115-க்கும் போனால் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் ஏறியிருக்கின்றன. அப்படியானால் தப்பிப்பது மேலே. இப்படிச் செய்தால் இந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் போரில், அதாவது சிலிண்டர் சுவரில், நெடுக்குக் கோடு விழுந்திருந்தால் ஆயில் அதை அடைக்காமல் வழிந்துவிடும். அப்போது கோளாறு கீழே இருந்தும், எண் ஏறாததால் வால்வ் என்று தவறாகச் சொல்லும்.

காற்றடித்துப் பார்ப்பது: என் ஓட்டு இதற்கு

கம்ப்ரஷன் கேஜில் எஞ்சின் தானே சுற்றிக் காற்றை அழுத்துகிறது. லீக்டவுன் டெஸ்டரில் இது தலைகீழ். பிஸ்டனை உச்சியில் நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரிலிருந்து பிளக் ஓட்டை வழியாக நாம் காற்றை உள்ளே விடுகிறோம். டெஸ்டரில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று உள்ளே போகும் அழுத்தம், மற்றது சிலிண்டரில் நிற்கும் அழுத்தம். 100 விட்டு 90 நின்றால் கசிவு பத்து சதவீதம். பழைய எஞ்சினுக்கு இருபது வரை பரவாயில்லை. முப்பதைத் தாண்டினால் வேலை இருக்கிறது.

சதவீதம்கூட இரண்டாம் பட்சம்தான். இந்த முறையின் பெரிய வசதி, தப்பிக்கும் காற்றைக் காதால் கேட்கலாம் என்பது. ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாயில் காது வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கிறதா? இன்லெட் வால்வ். சைலன்சர் முனையில் கேட்கிறதா? எக்ஸாஸ்ட் வால்வ். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று வருகிறதா? ரிங். ரேடியேட்டரில் குமிழி எழுகிறதா, பக்கத்து பிளக் ஓட்டையில் காற்று வருகிறதா? ஹெட் கேஸ்கட். மேலா கீழா என்ற நம் கேள்விக்கு ஊகமே இல்லாமல் பதில் சொல்லும் முறை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பட்டறையில் சத்தம் அதிகம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு மெல்லிய ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதருகே பிடித்துக்கொண்டு, மறுமுனையால் ஒவ்வோர் இடமாகத் துழாவலாம். ஆயில் மூடியில் மட்டும் எல்லா எஞ்சினிலும் கொஞ்சம் காற்று வரும், ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே வாயிடுக்கு என்று ஒன்று உண்டு. நல்ல சிலிண்டரில் வரும் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் எல்பிஜி 800-இல் மேலே சொன்ன 165, 160, 100 தான் வந்தது. ஒரு பட்டறையில் ஆயில் விட்டுப் பார்த்து ரிங் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்னோர் இடத்தில் டேப்பெட் மூடியைத் திறந்தால் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்டில் மிக மெல்லிய ஃபீலர் தகடுகூட நுழையவில்லை. கேப் வைத்ததும் 100 என்பது 120 ஆனது, அதற்கு மேல் போகவில்லை. காற்றடித்தபோது ஆயில் மூடியில் மற்ற இரண்டு சிலிண்டருக்கு வந்த அளவே வந்தது. சைலன்சரில் கையை வைத்தால் காற்று உள்ளங்கையில் படும் அளவுக்கு இருந்தது. ஹெட்டைக் கழற்றினால் அந்த எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் ஒரு பக்கம் வெந்து, நகம் கடித்த மாதிரி கரை உடைந்திருந்தது. வால்வ், சீட் வேலை, கேஸ்கட்டோடு முடிந்தது. எஞ்சின் இறங்கவில்லை.

இந்த முறைக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, கம்ப்ரஸர் வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரே போதும் என்றாலும் வீட்டு வாசலில் செய்ய முடியாது. டெஸ்டரும் கேஜைவிடப் பல மடங்கு விலை, எல்லாப் பட்டறையிலும் இருக்காது. பழைய கேஜின் ஹோஸை வால்வ் ஊசியை எடுத்துவிட்டு நேரே காற்றுக் குழாயில் மாட்டி, சத்தத்தை மட்டும் கேட்கும் மெக்கானிக்குகள் உண்டு. சதவீதம் தெரியாது, ஆனால் மேலா கீழா என்பது தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது அதுதானே.

இரண்டாவது, பிஸ்டன் சரியாக உச்சியில் நிற்க வேண்டும், அதுவும் கம்ப்ரஷன் உச்சியில், அதாவது இரண்டு வால்வும் மூடியிருக்கும் உச்சியில். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் ரோட்டர் எந்த சிலிண்டர் வயரைக் காட்டுகிறதோ அது கம்ப்ரஷன் உச்சியை ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம். முதல் சிலிண்டருக்குப் புல்லிக் குறி இருக்கிறது. அங்கிருந்து கிராங்கை (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டை) ஓடும் திசையிலேயே மூன்றில் இரண்டு சுற்று திருப்பினால் மூன்றாம் சிலிண்டர், இன்னொரு மூன்றில் இரண்டு சுற்றுக்கு இரண்டாம் சிலிண்டர். ஃபயரிங் வரிசை 1-3-2.

இங்கே ஓர் எச்சரிக்கை. 100 பி.எஸ்.ஐ. காற்று அந்தச் சின்ன பிஸ்டன் மேல் ஏறக்குறைய 250 கிலோ விசையோடு அழுத்தும். உச்சியிலிருந்து இம்மி விலகியிருந்தாலும் கிராங்க் சட்டென்று சுற்றிவிடும். புல்லி போல்ட்டில் ஸ்பேனரை விட்டுவிட்டுக் காற்றடித்தால் ஸ்பேனர் பறக்கும், கை நடுவில் இருந்தால் எலும்பு மிஞ்சாது. டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்பேனரை எடுத்துவிட்டு, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.

மூன்றாவது குறை அடிப்படையானது. நின்றுகொண்டிருக்கும் எஞ்சினைத்தான் இது சோதிக்கிறது. கேம்ஷாஃப்ட்டில் இன்லெட் லோப் தேய்ந்து வால்வ் போதிய அளவு திறக்காமல் இருந்தாலும், டைமிங் பெல்ட் பல் தாண்டியிருந்தாலும், லீக்டவுன் "எல்லாம் நலம்" என்றே சொல்லும். கம்ப்ரஷன் கேஜில் குறைவு, லீக்டவுனில் பத்து சதவீதம் என்று முரணாக வந்தால் டைமிங்கையும் கேமையும் பாருங்கள். அதனால் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கேஜ் முதலில், காற்று பிறகு.

மற்ற வழிகள், சுருக்கமாக

எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து புகை பொங்குகிறதா என்று பார்ப்பதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் சோதனை. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்பார்கள். ஒன்றும் தெரியாததற்கு இது தேவலை. ஆனால் பழைய எஞ்சின் எல்லாமே கொஞ்சம் அடிக்கும். மேலேயிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் புரீதர் ஹோஸ் அடைத்திருந்தால் நல்ல எஞ்சினும் பொங்கும். எந்த சிலிண்டர் என்றும் சொல்லாது. இதை மட்டும் பார்த்து எஞ்சின் இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

நீலப் புகையையும் கம்ப்ரஷனையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. வால்வ் சீல் காய்ந்து ஆயில் எரியலாம், ஆயில் ரிங் அடைத்துப் புகை வரலாம். இரண்டிலும் கம்ப்ரஷன் 165 காட்டிக்கொண்டே இருக்கும். புகை வேறு கேள்வி, அதற்கு வேறு விசாரணை.

ஐடிலில் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பது எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்று போனாலே ஆட்டம் தெரிந்துவிடும் என்பதால் 800-இல் இது சுலபம். காரணம் பிளக்கா, வயரா, கார்புரேட்டரா, கம்ப்ரஷனா என்று சொல்லாது. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ மாடலில் இதை நீட்டி முழக்காதீர்கள், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும்.

வேக்குவம் கேஜை இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டினால் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலத்தில் முள்ளை நிறுத்தும், வால்வ் கசிந்தால் முள் ஒழுங்கான இடைவெளியில் வெட்டும். நாலு ஆறு சிலிண்டர் வண்டிகளில் நல்ல கருவி. மூன்று சிலிண்டரில் முள் இயல்பாகவே ஆடும், அனுபவக் கண் இல்லாமல் படிக்க முடியாது.

செல்போனில் மாட்டும் குழாய்க் கேமரா மலிவாக வந்துவிட்டது. பிஸ்டன் தலையில் ஓட்டை, போரில் கோடு, கூலன்ட் கழுவிய பளபளப்பு ஆகியவற்றை நேரே காட்டும். வால்வ் சீட்டின் உட்கார்விடத்தை மூடிய நிலையில் காட்டாது. காற்றடித்ததில் ரிங் என்று வந்தால், எஞ்சினை இறக்க ஒப்புக்கொள்ளும் முன் போரை இதில் பார்த்துவிடுவது நல்லது.

முடிவு தெரிந்த பிறகு என்ன செய்யலாம்

மேலே என்று வந்தால் குழப்பம் குறைவு. ஹெட்டை இறக்கி, வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்தும் லேப்பிங், தேவையான வால்வ் புதிது, வால்வ் சீல் ஆறும் புதிது, லேத்தில் ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக்கும் ஃபேசிங், புது கேஸ்கட். அலுமினிய ஹெட் என்பதால் ஒருமுறையாவது ஓவர்ஹீட் ஆன வண்டியில் வளைவு பார்க்காமல் மூடக் கூடாது. சீட் ரொம்பவும் தேய்ந்திருந்தால் லேப்பிங் மட்டும் செய்து மூடுவது காசைக் கரியாக்குவது. சீட் இன்செர்ட் மாற்ற வேண்டும். "ஹெட்டை டைட் பண்ணினா கீழே ரிங் தாங்காது, சேர்த்தே பண்ணிடலாம்" என்று சொல்வார்கள். முழுக்கப் பொய்யல்ல. ஆனால் காற்றடித்தபோது ஆயில் மூடிப் பக்கம் நல்ல நிலை என்று தெரிந்திருந்தால், நான் ஹெட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

கீழே என்று வந்தால்தான் யோசனை. ரிங் மட்டும் மாற்றுவது, போரைப் பெரிதாக வெட்டி (ரீபோர்) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, பழைய எஞ்சின் வாங்கி மாட்டுவது, இப்படியே ஓட்டுவது என்று நான்கு வழி.

ரிங் மட்டும் மாற்றுவது மலிவாகத் தெரியும், பெரும்பாலும் வீண். போர் மேலே அதிகமும் கீழே குறைவாகவும் தேயும். அந்தக் கோணல் சுவரில் புது வட்ட ரிங் ஒட்டாது. மேல் விளிம்பில் தேயாத படிக்கட்டு ஒன்று நிற்கும், அதை எடுக்காமல் புது ரிங் போட்டால் மேல் ரிங் அதில் முட்டி உடையவும் செய்யும். போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று இரு திசையிலும் அளந்து, மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருந்தால் மட்டும் சுவரை லேசாகத் தேய்த்து (ஹோனிங்) ரிங் போடலாம். அளக்காமல் விரலால் தடவிப் பார்த்துச் சொல்லும் இடம் வேண்டாம்.

எல்லை தாண்டியிருந்தால் ரீபோர்தான். 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ். பிஸ்டன் கையில் வந்த பிறகு, அந்த பிஸ்டனை அளந்துதான் போர் வெட்ட வேண்டும். இதை வற்புறுத்திச் சொல்லுங்கள். நல்ல லேத்காரர் கிடைத்தால் இது பல ஆண்டுக்கான வேலை.

பழைய எஞ்சின் என்றால் சென்னையில் புதுப்பேட்டை. வாங்கும்போது நம் கேஜையே எடுத்துப்போய் அங்கேயே பேட்டரி வைத்துச் சுற்றி மூன்று ரீடிங் எடுங்கள். சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். எஞ்சின் நம்பர் ஆர்சி புத்தகத்தில் இருப்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும், அதற்கு விற்றவரிடமிருந்து பில்லும் அந்த எஞ்சின் எந்த வண்டியுடையது என்ற விவரமும் தேவை. அதில்லாமல் வாங்கினால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்த வாசலில் நின்றே ஆக வேண்டும். காகிதத்தோடு வரும் நல்ல எஞ்சினைத் தேடுவதைவிட, நம்முடைய பிளாக்கையே ரீபோர் செய்வது எனக்கு எளிதாகப் படுகிறது.

மூன்றும் சமமாக 130, 140 காட்டி, ஆயில் அதிகம் குடிக்காமல், ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியை அப்படியே விடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து நோட்டில் எழுதி வைத்தால் போதும். ஒரு சிலிண்டர் மட்டும் விழுந்த வண்டியை இப்படி விடக் கூடாது. வெந்த வால்வின் துண்டு உடைந்து பிஸ்டன் மேல் விழுந்தால் மேல்வேலை கீழ்வேலையாகிவிடும். கம்ப்ரஷனை ஏற்றும் என்று விற்கும் ஆயில் மருந்துகள் ஒட்டிக்கொண்ட ரிங்கை எப்போதாவது விடுவிக்கலாம். தேய்ந்த போரையும் வெந்த வால்வையும் எந்த டப்பாவும் சரிசெய்யாது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போதும் ரீடிங் கேளுங்கள். ஹெட் வேலை என்றால் அன்றைக்கே மூன்றும் சமமாக வர வேண்டும், வராவிட்டால் அங்கேயே பேச வேண்டியதுதான். ரிங், போர் வேலை என்றால் புது ரிங் போரில் உட்கார நேரம் எடுக்கும். முதல் நாள் அளவு குறைவாக இருந்தால் பதறாமல், ஆயிரம் கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, ஆயில் மாற்றும்போது மறுபடி எடுத்துப் பாருங்கள்.